கார்டு, கைரேகை, முகம்: கதவைத் திறப்பது எது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

குடியிருப்பு, அலுவலகம், பட்டறை வாசல்களில் கார்டு ரீடரும் கைரேகை மெஷினும் வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

எங்கள் குடியிருப்பில் 96 வீடுகள். ஆறு வருடத்துக்கு முன் வீட்டுக்கு மூன்று கார்டு கொடுத்தோம். இப்போது சாவிக் கடையில் கொடுத்தால் பத்து நிமிடத்தில் அதே மாதிரி இன்னொன்று போட்டுத் தந்துவிடுகிறார்கள். ரீடரை மாற்றுவதா, கார்டை மாற்றுவதா?
— சங்கச் செயலாளர், மேடவாக்கம்

இரண்டையும் மாற்ற வேண்டியிருக்கும். அதற்கு முன் கையில் இருப்பது எந்த வகை என்று பார்த்துவிடுங்கள். கார்டின் மேல் 0004512345 என்று பத்து இலக்க எண்ணும், பக்கத்தில் 068,55897 என்று காற்புள்ளி போட்ட எண்ணும் அச்சாகியிருக்கிறதா? அப்படியானால் அது பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்யும் ஈ.எம். கார்டு. இரண்டும் ஒரே எண்தான். 68-ஐ 65,536-ஆல் பெருக்கி 55,897-ஐக் கூட்டிப் பாருங்கள், 45,12,345 வரும். பழைய ரீடர்கள் கன்ட்ரோலருக்கு (கதவைத் திறப்பதா என்று முடிவு செய்யும் பெட்டிக்கு) அனுப்புவதும் இதையேதான்: முதல் பகுதிக்கு 8 பிட், இரண்டாம் பகுதிக்கு 16 பிட், பிழை பார்க்க 2 பிட், ஆக மொத்தம் 26 பிட். பாஸ்வேர்டும் கிடையாது, மறையாக்கமும் கிடையாது. மின்காந்தப் புலம் பட்டதும் கார்டு தன் எண்ணைச் சொல்லத் தொடங்கிவிடும், கேட்பது யார் என்று பார்க்காது. சாவிக் கடைக்காரர் அந்த எண்ணை வாங்கி டி5577 சிப் உள்ள வெற்றுக் கார்டில் எழுதுகிறார், அவ்வளவுதான்.

26 பிட் ரீடரை ஏமாற்றக் கார்டு கையில் கிடைக்க வேண்டும் என்பதுகூட இல்லை. மேலே அச்சான எண் தெரிந்தால் போதும். "என் கார்டு தொலைந்துவிட்டது" என்று மீதமிருக்கும் கார்டின் படத்தைக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போடும் வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

எண்ணைப் பார்த்தும் தெளிவாகவில்லை என்றால், என்.எஃப்.சி. உள்ள போனின் முதுகில் கார்டை வையுங்கள். 125 கிலோஹெர்ட்ஸ் கார்டுக்குப் போன் அசையாது. 13.56 மெகாஹெர்ட்ஸ் கார்டு என்றால் சத்தம் வரும். என்.எக்ஸ்.பி. நிறுவனத்தின் டேக்இன்ஃபோ செயலி சிப்பின் பெயரையே காட்டிவிடும்.

அடுத்து என்ன வாங்குவது? "13.56-க்கு மாறிவிட்டால் பாதுகாப்பு" என்று விற்பனையாளர் சொல்வார். பாதி உண்மை. மைஃபேர் கிளாசிக் கார்டும் 13.56-தான். அதன் கிரிப்டோ-1 என்ற 48 பிட் மறையாக்கத்தின் ஓட்டைகளை 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த மாநாட்டில் கார்ஸ்டன் நோல், ஹென்ரிக் ப்ளாட்ஸ் இருவரும் காட்டினார்கள். அடுத்த ஆண்டு நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை முழுவதுமாக உடைத்தார்கள். ஆய்வுக் கட்டுரையை வெளியிடக் கூடாது என்று கார்டின் சிப்பைத் தயாரிக்கும் என்.எக்ஸ்.பி. தொடுத்த வழக்கும் நிற்கவில்லை. இத்தனைக்குப் பிறகும் விலை குறைவு என்பதற்காக அந்தக் கார்டு இன்று வரை விற்கப்படுகிறது. நீங்கள் கேட்க வேண்டியது ஏ.இ.எஸ்.-128 மறையாக்கம் உள்ள டெஸ்ஃபயர் இ.வி.2 அல்லது இ.வி.3 கார்டு.

அதை வாங்கியும் ஏமாறலாம். நல்ல கார்டைக் கொடுத்துவிட்டு, ரீடரில் அதன் யு.ஐ.டி. எண்ணை (சிப்பின் வரிசை எண்ணை) மட்டும் படிக்கும்படி வைத்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய. யு.ஐ.டி. எந்தப் பூட்டும் இல்லாமல் வெளியே தெரியும் எண். அதை அப்படியே காட்டும் போலிக் கார்டு சந்தையில் கிடைக்கிறது. எனவே விலைப்புள்ளி வாங்கும்போதே இரண்டு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: ரீடர் யு.ஐ.டி.யைப் படிக்கிறதா, கார்டுக்குள் மறையாக்கம் செய்த கோப்பைப் படிக்கிறதா? அந்தக் கோப்பின் சாவி எண் யாரிடம் இருக்கும்? சாவி எண் சங்கத்திடம்தான் இருக்க வேண்டும். விற்பனையாளரிடம் மட்டும் இருந்தால், நாளைக்குக் கூடுதலாகப் பத்துக் கார்டு வேண்டுமென்றாலும் அவர் சொல்வதுதான் விலை.

மாற்றும்போது இரண்டு அலைவரிசையும் படிக்கும் ரீடராக வாங்கி முதலில் சுவரில் ஏற்றிவிடுங்கள். பழைய கார்டும் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு பிளாக் பிளாக்காகப் புதுக் கார்டு கொடுக்கலாம். உங்களுக்கு 288, அதோடு வீட்டு வேலைக்கு வருபவர்கள், தொலைப்பவர்கள் கணக்கில் ஒரு 50 சேர்த்து ஆர்டர் செய்யுங்கள். எல்லோருக்கும் கொடுத்து முடித்த அன்றே ரீடரில் 125-ஐ அணைத்துவிட வேண்டும். அணைக்காமல் விட்டால் செலவழித்தது முழுக்க வீண், சாவிக் கடைக் கார்டு வழக்கம்போல் திறக்கும்.

இதற்கெல்லாம் பணம் சேரும் வரை காசில்லாத வேலை ஒன்று இருக்கிறது. மென்பொருளில் உள்ள கார்டுப் பட்டியலை எடுத்து வீடு வீடாகச் சரிபாருங்கள். காலி செய்துபோன வாடகைக்காரர்களின் கார்டுகள் அதில் உயிரோடு இருக்கும். அவற்றை நீக்குங்கள்.

அலுவலக வாசலில் கைரேகையும் கார்டும் சேர்ந்த ஒரே மெஷின் வைத்திருக்கிறோம். பூட்டுக்குப் போகும் ஒயரும் அந்த மெஷினிலிருந்தே போகிறது. இது சரியான முறையா?
— வேளச்சேரி வாசகி

மெஷின் வெளிச்சுவரில் இருக்கிறதென்றால் சரியில்லை. பூட்டைத் திறக்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. சுவரிலிருந்து அதைப் பெயர்த்தால் பூட்டின் இரண்டு ஒயரும் கைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு விரலும் வேண்டாம், கார்டும் வேண்டாம்.

ரிலே, மின்வழங்கி, பூட்டு ஒயர் மூன்றும் கதவுக்கு உள்பக்கம் இருக்க வேண்டும். வெளியே இருப்பது "இன்னார் வந்திருக்கிறார்" என்று சொல்லும் கருவியாக மட்டும் இருக்கட்டும். திறப்பதா வேண்டாமா என்பதை உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் முடிவு செய்யட்டும். இப்போதுள்ள மெஷினையே வைத்துக்கொள்ள வேண்டுமானால், அதே கம்பெனி தரும் தனி ரிலே பெட்டியை உள்ளே மாட்டி, மெஷினிலிருந்து மறையாக்கம் செய்த சிக்னல் மட்டும் அதற்குப் போகும்படி மாற்றலாம். மெஷினைக் கழற்றினால் அலாரம் அடிக்கும் டேம்பர் சுவிட்ச் பெரும்பாலான மாடல்களில் இருக்கும், இணைக்காமலே விட்டிருப்பார்கள். அதையும் பாருங்கள்.

புதிதாக ஒயரிங் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரீடருக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே ஓடும் வீகாண்ட் ஒயரில் கார்டு எண் வெறும் துடிப்புகளாகப் போகிறது. இடையில் ஒட்டுக்கேட்டால் எண் கிடைத்துவிடும். அதன் நீள எல்லையும் சுமார் 150 மீட்டர்தான். வீகாண்டுக்கு மாற்றான ஓ.எஸ்.டி.பி. முறை ஆர்.எஸ்.-485 இணைப்பில் ஏறத்தாழ 1,200 மீட்டர் வரை போகும், மறையாக்கமும் உண்டு, ரீடரைக் கழற்றினால் கன்ட்ரோலருக்கு உடனே தெரியும். மறையாக்கத்தை இயக்கிவிடச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும், அது பல நேரம் அணைந்த நிலையில்தான் வரும். முறுக்கு ஜோடி ஒயர் போட்டுவைத்தால் இன்று வீகாண்ட் வைத்தாலும் பின்னால் மாறிக்கொள்ளலாம்.

கண்ணாடிக் கதவில் 280 கிலோ இழுவை தாங்கும் ஈ.எம். லாக் (மின்காந்தப் பூட்டு). கொஞ்சம் பலமாக இழுத்தால் திறந்துகொள்கிறது. லாக்கை மாற்றியும் அதே கதை.
— பின்னலாடை ஏற்றுமதி அலுவலக மேலாளர், திருப்பூர்

லாக்கில் பழுது இருக்க வாய்ப்பு குறைவு. இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் மல்டிமீட்டரை லாக்கின் முனைகளிலேயே வைத்து, கதவு பூட்டியிருக்கும்போது அளவெடுங்கள். மின்வழங்கியில் 12 வோல்ட் காட்டுவதை நம்பிவிட வேண்டாம். 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுக்கும் லாக்கை 30 மீட்டர் தூரத்திலிருந்து நெட்வொர்க் கேபிளின் ஒரே ஜோடியில் ஓட்டியிருந்தால் வழியிலேயே சுமார் 2 வோல்ட் போய்விடும். 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 1 வோல்ட் போகும். 1.5 சதுர மில்லிமீட்டரில் அரை வோல்ட்டுக்கும் கீழ்தான். மின்னோட்டம் குறையும்போது பிடிமானம் அதைவிட வேகமாகக் குறையும்.

இரண்டாவது, லாக்கின் மூடியைத் திறந்து ஜம்பரை (12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று தேர்ந்தெடுக்கும் சிறு இணைப்பை) பாருங்கள். பல லாக்குகள் 12-க்கும் 24-க்கும் பொதுவானவை. ஜம்பர் 24-இல் இருக்க 12 வோல்ட் கொடுத்தால் பச்சை விளக்கு எரியும், கதவும் ஒட்டும், ஆனால் பிடிமானம் பாதிகூட இருக்காது. புது லாக் மாட்டியும் தீரவில்லை என்றீர்களே, எங்கள் சந்தேகம் முதலில் இதன் மேலும் ஒயரின் மேலும்தான்.

மூன்றாவது, கதவில் இருக்கும் இரும்புத் தகடு. அதன் நடு போல்ட்டுக்குப் பின்னால் ரப்பர் வாஷர் இருக்கும். தகடு கொஞ்சம் ஆடி, காந்தத்தின் முகத்தோடு தானாகப் படிந்துகொள்வதற்காகத்தான் அது. "ஆடுகிறதே" என்று போல்ட்டை இறுக முடுக்கினால் தகடு ஒரு ஓரத்தில் மட்டும் தொடும். மற்ற பக்கத்தில் ஒரு காகித கனம் இடைவெளி விழுந்தாலும் பிடிமானம் வெகுவாகக் கெடும். வாஷரைத் தூக்கிப் போட்டுவிட்டு மாட்டுபவர்களும் உண்டு. காந்தத்துக்கும் தகட்டுக்கும் நடுவே துரு, பெயின்ட் துளி, பஞ்சுத் தூசி எது இருந்தாலும் இதே விளைவுதான். உங்கள் ஊரில் பஞ்சுக்குச் சொல்லவே வேண்டாம். வாரம் ஒரு முறை உலர்ந்த துணியால் துடையுங்கள்.

போகிற போக்கில் இன்னொன்று. லாக்கின் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம் வர வேண்டும். லாக் அணையும் நொடியில் சுருளிலிருந்து எழும் எதிர் மின்னழுத்தத்தை அது வாங்கிக்கொள்ளும். அது இல்லாவிட்டால் ரிலே முனைகள் கருகி ஒட்டிக்கொள்ளும், கன்ட்ரோலர் காரணம் தெரியாமல் ரீஸ்டார்ட் ஆகும். சில லாக்குகளில் உள்ளேயே பாதுகாப்பு இருக்கும், கையேட்டைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

கரன்ட் போனால் கதவு திறந்துகொள்ளும் என்கிறார்கள். அப்படியென்றால் பூட்டு எதற்கு? தீ விபத்து வந்தால் உள்ளே இருப்பவர்கள் மாட்டிக்கொள்ள மாட்டார்களா என்ற பயமும் இருக்கிறது.
— மருத்துவமனை நிர்வாகி, கும்பகோணம்

இரண்டாவது பயம்தான் பெரியது. அதற்கே முதலில் பதில்.

வெளியேறும் வழியிலுள்ள கதவு, வெளியேறுபவர் பக்கத்திலிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பின் விதி. கார்டும் ஒரு சாவிதான். ஆகவே உள்ளே இருப்பவர் கார்டைத் தேடும் நிலை எந்தக் கதவிலும் வரக்கூடாது. ஈ.எம். லாக் மின்சாரம் இருந்தால் மட்டுமே பிடிக்கும், போனால் விட்டுவிடும். வெளியேறும் கதவுக்கு அந்தக் குணம் தேவை.

உங்கள் கதவில் மூன்று விஷயம் இருக்க வேண்டும். ஒன்று, எக்ஸிட் பட்டன். இரண்டு, பச்சை நிற எமர்ஜென்சி பிரேக் கிளாஸ் பெட்டி. இதில்தான் அதிகமாகத் தவறு நடக்கிறது. பிரேக் கிளாஸை கன்ட்ரோலரின் பட்டன் முனையில் இணைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கன்ட்ரோலர் உறைந்து நின்றால் பெட்டியை உடைத்தும் பயனில்லை. லாக்குக்குப் போகும் பாசிட்டிவ் ஒயரே அந்தப் பெட்டி வழியாகப் போக வேண்டும். அமுக்கியதும் நடுவில் எந்த எலெக்ட்ரானிக்ஸும் இல்லாமல் மின்சாரம் அறுபட வேண்டும். மூன்று, தீ எச்சரிக்கை பேனலின் ரிலே. அதன் என்.சி. முனை (சாதாரண நேரத்தில் மூடியே இருக்கும் இணைப்பு) வழியாகவும் லாக் மின்சாரத்தை ஓட்டுங்கள். பேனல் அலாரம் அடித்ததும் எல்லாக் கதவும் தானாக விடும்.

மாதம் ஒரு முறை சோதித்துப் பாருங்கள். கன்ட்ரோலரை ஆஃப் செய்துவிட்டு பிரேக் கிளாஸை அமுக்கினால் கதவு திறக்கிறதா? பேனலில் சோதனை அலாரம் கொடுத்தால் திறக்கிறதா? இரண்டில் ஒன்றுக்கு இல்லை என்றால் அன்றைக்கே ஒயரிங்கைச் சரிசெய்யுங்கள்.

இனி மின்வெட்டு. லாக் அரை ஆம்பியர், கன்ட்ரோலரும் ரீடர்களும் சேர்ந்து அரை ஆம்பியர் என்று வைத்தால் மொத்தம் 1 ஆம்பியர். 7 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி காகிதக் கணக்கில் ஏழு மணி நேரம் வர வேண்டும். ஆனால் அந்த 7 என்பது இருபது மணி நேரத்தில் மெதுவாகக் காலி செய்யும்போது கிடைப்பது. உங்களுக்கு ஐந்து மணி நேரத்தை எதிர்பாருங்கள், பேட்டரி பழசானால் அதுவும் பாதியாகும். சார்ஜர் மின்னழுத்தம் 13.5 முதல் 13.8-க்குள் நிற்க வேண்டும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பேட்டரியை மாற்றுங்கள்.

மருந்துக் கிடங்கு, பணம் வைக்கும் அறை போன்றவற்றில் மின்சாரம் போனாலும் பூட்டியே இருக்கும் எலெக்ட்ரிக் ஸ்ட்ரைக் (கதவுச் சட்டத்தில் பொருத்தும் மின்பூட்டு) போடலாம். வெளியிலிருந்து பூட்டியிருக்கும், உள்ளே கைப்பிடியைத் திருப்பினால் எப்போதும் திறக்கும். நோயாளிகள் இருக்கும் வார்டுக்கு அது வேண்டாம், ஈ.எம். லாக்கே இருக்கட்டும்.

எங்கள் சாயப்பட்டறையில் பாதிப் பேருக்குக் கைரேகை எடுபடவில்லை. பத்து முறை வைத்துப் பார்த்துவிட்டு வாட்ச்மேன் கதவைத் திறந்துவிடுகிறார். சென்சிடிவிட்டியைக் குறைக்கலாமா?
— ஈரோடு வாசகர்

குறைக்க வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது. ரசாயனமும் தண்ணீரும் விரல் ரேகையின் மேடுகளைத் தேய்த்துவிடுகின்றன. பாத்திரம் கழுவுபவர்கள், கொத்தனார்கள், வயதானவர்கள் எல்லோருக்கும் இதுதான் சிக்கல். விரலில் குறை இல்லை, சென்சாருக்குப் பிடித்துக்கொள்ள மேடு பள்ளம் போதவில்லை.

பதிவை முதலிலிருந்து செய்யுங்கள். கையைக் கழுவித் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு வைக்கச் சொல்லுங்கள். ரொம்ப வறண்டிருந்தால் துளி தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு வைக்கலாம். நுனியைக் குத்தக் கூடாது. ரேகை சுழியும் நடுப்பகுதி கண்ணாடியில் தட்டையாகப் படிய வேண்டும். ஒருவருக்கு இரு கையிலும் சேர்த்து மூன்று விரல் பதியுங்கள். அதிகம் உழைக்கும் கையின் கட்டைவிரலைத் தவிர்த்து நடுவிரல், மோதிரவிரலை முயலுங்கள், தேய்மானம் அங்கே குறைவாக இருக்கும். மூன்று முறை வைக்கச் சொல்லும்போது முதல் பதிவு மங்கலாக வந்தால் அதை ஏற்காமல் திரும்ப ஆரம்பியுங்கள். மங்கலான பதிவோடு விட்டுவிட்டால் தினமும் வாசலில் வரிசைதான். சென்சார் கண்ணாடியில் படியும் சாயப் பிசுக்கை செலோ டேப்பை ஒட்டி எடுத்தால் கீறல் விழாமல் வந்துவிடும்.

சென்சிடிவிட்டிக்கு வருவோம். ஒரு விரலை இன்னொரு விரலோடு ஒப்பிடும்போது லட்சத்தில் ஒரு முறை தவறாக ஏற்கும் மெஷின் என்று வையுங்கள். 250 பேரின் இரண்டு விரலாக 500 பதிவு இருந்தால், வெளியாள் ஒருவர் விரல் வைக்கும்போது அது 500 ஒப்பீடு. ஆக வாய்ப்பு 200-இல் ஒன்று ஆகிவிடுகிறது. சென்சிடிவிட்டியைக் குறைத்து ஒப்பீட்டு வரம்பைத் தளர்த்தினால் இது இன்னும் ஏறும், மறுபடி பதிந்தும் எடுபடாத பத்துப் பேருக்காக மொத்தக் கதவும் பலவீனமாகும். அதற்குப் பதில் அந்தப் பத்துப் பேருக்கு மட்டும் கார்டு கொடுங்கள். முதலில் கார்டு, பிறகு விரல். கார்டு யாருடையது என்று தெரிந்துவிட்டதால் மெஷின் அவருடைய பதிவோடு மட்டும் ஒப்பிடும். அந்த ஒன்றுக்கு-ஒன்று ஒப்பீட்டின் வரம்பைத் தனியாகக் கொஞ்சம் தளர்த்தினால் ஆபத்தில்லை. அதுவும் முடியாதவர்களுக்கு முகம் படிக்கும் மெஷின்தான் வழி.

கைரேகையைப் போலி செய்ய முடியாது என்று நினைக்கவும் வேண்டாம். யோகோஹாமா தேசியப் பல்கலைக்கழகத்தில் சுடோமு மட்சுமோட்டோ குழுவினர் 2002-இல் ஜெலட்டினில் செய்த விரல்களைக் காட்டினார்கள். சோதித்த 11 மெஷின்களும் ஏமாந்தன. இன்று உயிருள்ள விரலா என்று பார்க்கும் சென்சார்கள் இருக்கின்றன, ஆனால் எல்லா விலையிலும் இல்லை. கேட்டு வாங்குங்கள்.

முகம் படிக்கும் மெஷின் மாலை நேரத்தில் மட்டும் வேலை செய்வதில்லை. ஒருமுறை போனில் இருந்த போட்டோவுக்கே திறந்துவிட்டது.
— சேலம் வாசகி

மெஷின் மேற்கு பார்த்து இருக்கும். மாலை வெயிலிலுள்ள அகச்சிவப்பு ஒளி மெஷினின் சொந்த அகச்சிவப்பு விளக்கை மூழ்கடித்துவிடும். ஆள் மேற்குப் பக்கம் நின்றால் முகமும் நிழலாகத் தெரியும். பக்கச் சுவருக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் மேலேயும் பக்கவாட்டிலும் தகரத் தடுப்பு வையுங்கள். போட்டோவுக்குத் திறந்ததென்றால் உயிர்ப்புச் சோதனை என்ற அமைப்பு அணைந்திருக்கிறது, அல்லது மெஷினில் அதற்கான இரண்டாவது கேமராவே இல்லை. அமைப்பை இயக்கிவிட்டு, போனில் ஒரு படம், காகிதத்தில் அச்சடித்த ஒரு படம் என்று இரண்டையும் அரை மீட்டர், ஒரு மீட்டர் தூரத்தில் காட்டிப் பாருங்கள். அப்போதும் திறந்தால் அந்த மெஷின் வருகைப்பதிவுக்கு மட்டும் இருக்கட்டும். கதவோடு இணைக்காதீர்கள்.

வாசலில் விரல் வைத்தால் அது ஆதாரோடு சேர்ந்துவிடுமா? வேலையை விட்டுப் போனபின் என் கைரேகை என்ன ஆகும்?
— சென்னை வாசகி

சாதாரண வாசல் மெஷின் ஆதார் தகவல்தளத்தோடு பேசுவதில்லை. ரேகையின் கிளைகளும் முனைகளும் இருக்கும் இடங்களை எண்களாக்கித் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. ஆதார் பற்றிக் கவலை இருந்தால் ஆதாரின் அதிகாரப்பூர்வச் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டிவைக்கலாம், வாசல் மெஷின் வழக்கம்போல் வேலை செய்யும்.

அந்தப் பதிவு கசியாமல் இருக்க வேண்டும் என்பது நியாயமான கவலை. 2024-இல் காஸ்பர்ஸ்கி நிறுவனம் இசட்.கே.டெகோ கம்பெனியின் பயோமெட்ரிக் மெஷின் ஒன்றில் 24 ஓட்டைகளைக் கண்டுபிடித்தது. கேமராவுக்கு முன் குறிப்பிட்ட கியூ.ஆர். குறியைக் காட்டி உள்ளே போவதும் அதில் ஒன்று. உங்கள் அலுவலக ஐ.டி. ஆட்களிடம் மூன்றைச் செய்யச் சொல்லுங்கள்: மென்பொருளைப் புதுப்பிப்பது, தொழிற்சாலையிலிருந்து வந்த பாஸ்வேர்டை மாற்றுவது, மெஷினை இணையத்துக்கு நேரே திறந்துவைக்காமல் தனி நெட்வொர்க்கில் வைப்பது. பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளலாம், விரலை மாற்ற முடியாது.

வேலையை விடும்போது கைரேகைப் பதிவை நீக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். தேவை முடிந்த தகவலை அழிக்க வேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுக் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. மெஷினிலும் கம்ப்யூட்டரிலும் என இரண்டு இடத்திலும் பதிவு இருக்கும் என்பதை மின்னஞ்சலில் குறிப்பிடுங்கள்.

வண்டியில் இருக்கும் ஃபாஸ்டேக்கையே குடியிருப்பு கேட்டுக்குப் பயன்படுத்தலாமா? பணம் பிடித்துக்கொள்ளுமா?
— கோவை வாசகர்

பயன்படுத்தலாம். பணம் போகாது. ஃபாஸ்டேக் 865–867 மெகாஹெர்ட்ஸில் பேசும் சாதாரண யு.எச்.எஃப். ஸ்டிக்கர். கேட்டில் இருக்கும் ரீடர் அதன் எண்ணை மட்டும் படித்துப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கிறது. பணம் பிடிக்க வேண்டுமானால் வங்கி வழியாக, ஃபாஸ்டேக் பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்.பி.சி.ஐ. அமைப்போடு இணைப்பு வேண்டும், உங்கள் கேட்டில் அது இருக்காது.

ரீடரின் திறனைக் குறைத்து மூன்று நான்கு மீட்டரில் படிக்கும்படி வையுங்கள். முழுத் திறனில் விட்டால் பின்னால் நிற்கும் வண்டியின் டேக்கைப் படித்து முன்னால் இருப்பவருக்குத் திறந்துவிடும். கண்ணாடியில் உலோகப் பூச்சு உள்ள கார்களில் டேக் எடுபடாது, கண்ணாடி மேல்பக்கம் பூச்சில்லாமல் விட்ட இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். அந்த எண்ணை எந்த ரீடரும் படிக்கும் என்பதால் டேக்கை மட்டும் நம்பாமல், திரையில் வரும் வண்டி எண்ணை வாட்ச்மேன் நேரில் ஒப்பிடட்டும். தடுப்புக் கம்பத்துக்குக் கீழே தரையில் லூப் (வண்டியை உணரும் கம்பிச் சுருள்) போட்டு, வண்டி நிற்கும் வரை கம்பம் இறங்காமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கான்ட்ராக்டருக்குக் கடைசித் தவணையைக் கொடுங்கள். பைக்கை லூப் சில நேரம் உணராது. ஆகவே இருசக்கர வண்டிக்குத் தனி வழி விடுங்கள்.